பாட்டுக்கும் உறுதி எழுதுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை ராப் கலைஞர்களுக்கான தொழில் வழிகாட்டி

2021இல் நியூயோர்க்கில் ஒரு வழக்கு. அமெரிக்க ராப்பர் ஜே-ஸீ என்கிற ஷோன் கார்ட்டர், டேமன் டாஷ், கரீம் பேர்க் மூவரும் 1995இல் தொடங்கிய ராக்-அ-ஃபெல்லா இசை நிறுவனத்தில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு இருந்தது. ஜே-ஸீயின் முதல் இசைத்தொகுப்பு 1996இல் அந்த நிறுவனத்தின் பெயரில்தான் வந்தது. கால் நூற்றாண்டு கழித்து, அந்தத் தொகுப்பில் தனக்குள்ள உரிமையை டாஷ் விற்கப் போகிறார் என்று சொல்லி நிறுவனமே அவர்மேல் வழக்குப் போட்டது. 2022இல் இணக்கத்துக்கு வந்தார்கள். தொகுப்பின் பதிப்புரிமை நிறுவனத்துக்கு, டாஷுக்கு நிறுவனத்தில் பங்கு மட்டும். பங்கை அவர் விற்கலாம், பாட்டை விற்க முடியாது.

வீடு எழுதிக் கொடுக்கும்போது வடக்கே யாருடைய வளவு, கிழக்கே எந்த ஒழுங்கை என்று உறுதிப் பத்திரத்தில் எல்லை போடுகிற ஊர் நம்முடையது. பாட்டுக்கு மட்டும் அப்படி ஒன்றும் எழுதுவதில்லை. ஆரையம்பதியிலோ சாய்ந்தமருதிலோ நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டு எடுக்கும்போது “இது யாருடையது?” என்று கேட்டால், கேட்டவரைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பாட்டு ஓடாதவரை அந்தக் கேள்விக்கு வேலையில்லை. ஓடினால் ஒரே இரவில் வட்ஸ்அப் குழு உடையும்.

ஜே-ஸீயின் கணக்கை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். புரூக்ளினில் மார்சி என்ற அரச குடியிருப்பில் வளர்ந்தவர். இசை நிறுவனங்கள் எதுவும் எடுக்காதபோது காரில் வைத்துத் தன் சீடியை விற்றார், பிறகு சொந்தமாக நிறுவனம். 1999இல் ரோக்காவெயர் உடுப்பு. 2007இல் அந்தப் பெயர் ஐக்கோனிக்ஸ் நிறுவனத்துக்கு 20 கோடி 40 இலட்சம் டொலருக்குப் போனது. 2004இல் டெஃப் ஜாம் இசை நிறுவனத்தின் தலைவர் பதவியைப் பேசும்போது, தன் பழைய ஒலிப்பதிவுகளின் மூல உரிமை தனக்குத் திரும்பி வரவேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசினார். 2008இல் ரோக் நேஷன் என்ற இசை, நிகழ்ச்சி நிறுவனம். 2015இல் 5 கோடி 60 இலட்சம் டொலருக்கு வாங்கிய டைடல் என்ற இணையப் பாட்டுச் சேவையின் பெரும்பங்கை 2021இல் ஏறத்தாழ 30 கோடி டொலருக்கு ஸ்குவயர் நிறுவனத்துக்குக் கொடுத்தார். 2019இல் ஹிப்ஹொப்பின் முதல் பில்லியனர் என்று ஃபோர்ப்ஸ் அறிவித்தது. தோற்றதும் உண்டு. லாஸ் வேகாஸில் 2007 கடைசியில் திறந்த அவருடைய 40/40 கிளப் ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

முதலில் பாட்டு, அதன் உரிமை, பிறகு பெயர், அந்தப் பெயரில் பொருள், கடைசியில் மற்றவர்களின் பாட்டை விற்கிற கடை. இங்கே பலர் நடுவிலிருந்து தொடங்குகிறார்கள். லோகோவும் ரீசேட்டும் வந்துவிடும், பாட்டுக்கு ஒரு கடுதாசி இருக்காது.

பங்குத்தாள்

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டு உருவான கணமே பதிப்புரிமை வந்துவிடும். எங்கும் பதியத் தேவையில்லை. எழுதியவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் அது நிற்கும். ஆனால் உரிமையை மாற்றிக் கொடுப்பதும் அனுமதி கொடுப்பதும் எழுத்தில், இரு தரப்பின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். “மச்சான், நீ எடுத்துக்கொள்” என்ற குரல் பதிவை நம்பி இருக்காதீர்கள்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அன்று ஸ்டூடியோவில் பதிந்த ஒலி இன்னொன்று. இரண்டையும் ஒரே நூறாகப் பிரிப்பதில்தான் முதல் பிழை நடக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று எழுதுகிற பங்குத்தாளில் இரண்டு நூறு வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

பாட்டின் பெயர், பதிந்த திகதி, இடம்.
வரியும் மெட்டும்: ராப் எழுதியவர் 45, பீற் (ராப்புக்குக் கீழே ஓடுகிற இசை) செய்தவர் 45, கோரஸ் மெட்டுப் போட்டவர் 10. கூட்டினால் 100.
ஒலிப்பதிவு: செலவு போட்டுப் பாடியவர் 70, பீற் செய்தவர் 20, கோரஸ் பாடியவர் 10. கூட்டினால் 100.
மிக்ஸிங் (குரலையும் இசையையும் கலந்து சீராக்குவது) செய்தவர்: கூலி இவ்வளவு, முழுவதும் தீர்ந்தது, பங்கு இல்லை.
வீடியோ எடுத்தவர்: கூலி இவ்வளவு, வீடியோவின் உரிமையும் வெட்டாத காட்சிகளும் இன்னாரிடம்.
காசு எந்தக் கணக்குக்கு வரும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பிரிப்பது.

இந்த எண்கள் சட்டமல்ல, உங்களுக்குள் பேசி எடுங்கள். எல்லாரும் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம் எழுதி ஒப்பம் வைத்து, போனில் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர் இருந்தால் தாயோ தகப்பனோ ஒப்பம் வைக்கட்டும். நேரம் முக்கியம்: ஸ்டூடியோவை விட்டு வெளியேறுமுன் எழுதுங்கள். அடுத்த நாள் எழுதலாம் என்றால் எழுதப்படாது. பாட்டு ஓடிய பிறகு எழுதலாம் என்றால் ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள்.

மிக்ஸிங், வீடியோ வரிகளைத்தான் பலர் தாளில் எழுதாமல் விடுகிறார்கள். பிறகு புதிதாக வெட்டி ஒரு சின்ன வீடியோ போடக் காட்சிகளைக் கேட்டால், கேமராக்காரர் இன்னொரு விலை சொல்வார். எழுதாத இடத்தில் அவர் சொல்வது நியாயம்தான்.

கூத்து மத்தளம், சல்லாரி, பறை, றபான் எல்லாம் நம் பீற்றுக்கு நன்றாகப் பொருந்தும். வடமோடி ஆட்டத் தாளத்தின் மேல் ராப் சொல்லிப் பாருங்கள், வரி தானாக ஓடும். ஆனால் யூடியூபில் கிடக்கிற கூத்து வீடியோவிலிருந்து ஒலியை வெட்டி எடுக்காதீர்கள். அந்தப் பதிவுக்கு உரிமையாளர் இருக்கிறார். நாட்டார் வழக்காற்றுக்கும் இதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் நேரே போய்ப் பேசுங்கள், ஒரு பின்னேரம் வாசிக்கச் சொல்லிப் புதிதாகப் பதியுங்கள், கூலியைக் கையில் கொடுத்து, பெயர் போடுவதையும் பங்கையும் தாளில் எழுதுங்கள். ஒலியும் சுத்தமாக வரும், வீடியோவில் கூட்டத்துச் சத்தம் கலந்து கிடக்கும்.

பீற் வாங்கும்போது

இணையத்தில் வாடகைக்கு எடுக்கிற பீற், அதே நாளில் இன்னும் இருபது பேருக்கும் போயிருக்கலாம். இரண்டு இடத்தில் இது கடிக்கும். ஒன்று, உரிமப் பத்திரத்தில் இத்தனை ஸ்ட்ரீம் வரைதான் என்று எல்லை இருக்கும், அதைத் தாண்டினால் திரும்பக் காசு. மற்றது யூடியூபின் கொண்டென்ட் ஐடி, பதிந்த பாட்டு வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கிற முறை. அதே பீற்றில் பாடிய வேறொருவர் தன் பாட்டை அங்கே பதிந்துவிட்டால், உங்கள் வீடியோவின் வருமானம் அவர் பக்கம் திரும்பிவிடும். பத்திரத்தைக் காட்டி மீட்கலாம். பாட்டு சூடாக ஓடுகிற நாட்கள் அதற்குள் போய்விடும். வாடகை பீற்றில் பாடிய பாட்டை நீங்களும் கொண்டென்ட் ஐடியில் போடாதீர்கள், பெரும்பாலான வாடகை உரிமங்கள் அதைத் தடுக்கின்றன. காசு குறைவாக இருந்தால் பத்து வாடகை பீற்றை விட, ஊரிலேயே பீற் செய்கிற ஒருவரோடு பங்குக்கு இரண்டு பாட்டு செய்வது மேல்.

பதிவு

வீட்டில் பதிவதானால் உடுப்பு அலுமாரியைத் திறந்து அதைப் பார்த்துப் பாடுங்கள். தொங்குகிற துணி எதிரொலியைத் தின்னும். வெறும் சுவரைப் பார்த்துப் பாடினால் கிணற்றுக்குள் கத்தின மாதிரி வரும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். மிக உரத்த வரியிலும் ஒலிமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது. சிவப்பு எரிந்த குரலை எந்த மிக்ஸிங்காலும் திருத்த முடியாது. விசிறியை நிறுத்துங்கள், வியர்க்கத்தான் செய்யும். தகரக் கூரை, சீற் கூரை வீடுகளில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழைச் சத்தம் பதிவைக் கெடுக்கும், ஆகவே குரல் வேலையை ஒக்டோபருக்குள் முடித்து மழைக்காலத்தில் மிக்ஸிங் வைத்துக்கொள்ளுங்கள். கடலோ வாவியோ பக்கத்தில் என்றால் கண்டென்ஸர் மைக்கை சிலிக்கா ஜெல் பொதியோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரம் ஏறிய மைக் ‘சொர சொர’ என்று பேசத் தொடங்கும்.

வெளியிடுதல்

ஸ்பொட்டிஃபை, அப்பிள் மியூசிக் போன்றவற்றில் நேரடியாகப் போட முடியாது, விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட் ஆண்டுக் கட்டணம். கட்டாமல் விட்டால், கூடுதல் காசு கொடுத்து நிரந்தரமாக்காத பாட்டுகள் இறங்கிவிடும். சீடி பேபியில் ஒருமுறைக் கட்டணம், வருமானத்தில் 9 வீதம் அவர்கள் எடுப்பார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பாட்டு என்றால் இரண்டாவது, மாதமொன்று என்றால் முதலாவது. டிஸ்ட்ரோகிட்டில் பங்கை அங்கேயே பிரித்து அனுப்புகிற வசதியும் இருக்கிறது, பங்குத்தாளை அப்படியே அதில் ஏற்றலாம்.

கோப்பு வேவ் வடிவில், அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்ஸல். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்துள்ள ஐ.எஸ்.ஆர்.சி இலக்கம் ஒன்று கிடைக்கும், குறித்து வையுங்கள். பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அதே இலக்கத்தைக் கொடுத்தால்தான் பழைய ஸ்ட்ரீம் எண்ணிக்கை கூடவே வரும். வெளியிடும் நாளுக்கு மூன்று நாலு கிழமை முன் ஏற்றுங்கள். ஸ்பொட்டிஃபையின் தொகுப்பாளர்களுக்குப் பாட்டை முன்வைக்க ஆகக் குறைந்தது 7 நாள் வேண்டும். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் எட்டாத பாட்டுக்கு அங்கே காசு இல்லை. ஒரே நாளில் எட்டுப் பாட்டுப் போட்டு எட்டும் எண்ணூறில் நிற்பதை விட, ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

நேரமும் பாருங்கள். கோடையில் நம் இரவு 9.30 என்பது சூரிச்சில் மாலை 6, லண்டனில் மாலை 5, ரொறன்ரோவில் நண்பகல். நம் பாட்டைக் கேட்டு விளம்பரக் காசு கூடக் கொண்டுவருகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த நாடுகளின் விளம்பர விலை இங்கத்தையதை விட அதிகம். காலை பத்து மணிக்குப் போட்டால் அவர்கள் நித்திரை.

காசு கைக்கு வர

யூடியூபில் முழு விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4000 மணிநேரப் பார்வையும், அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷோர்ட்ஸ் பார்வையும் வேண்டும். விளம்பரக் காசு சேர்கிற கூகுளின் அட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் கூகுள் தபாலில் ஒரு இரகசிய இலக்கம் அனுப்பும். கிராமத்து முகவரி இங்கேதான் சிக்கும். அடையாள அட்டையில் உள்ள முகவரியோடு, தபால்காரர் கண்டுபிடிக்கிற மாதிரி கோயிலடி, பள்ளியடி, சந்திப் பெயரையும் இரண்டாம் வரியில் போடுங்கள். உப தபாலகத்தில் ஒருமுறை சொல்லி வைப்பதும் நல்லது. நாலு மாதத்துக்குள் இலக்கத்தைக் கொடுக்காவிட்டால் விளம்பரம் நிறுத்தப்படும். 100 டொலர் சேர்ந்தால்தான் காசு வங்கிக்கு வரும்.

அட்சென்ஸில் கேட்கிற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதும் கிடைத்த வருமானத்தில் 24 வீதம் வரை பிடிப்பார்கள். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பகுதிக்கு மட்டும்தான் பிடிப்பு. இலங்கை அமெரிக்க வரி உடன்படிக்கையைக் குறிப்பிட்டால் அதுவும் குறையும். அட்சென்ஸில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நம் ஆட்களுக்கு தகப்பன் பெயர் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில், முதலெழுத்தாக இன்னோரிடத்தில். பல கொடுப்பனவுகள் திரும்பிப் போவது இதனால்தான். மேடைப் பெயரில் கணக்குத் திறக்கவே வேண்டாம். உள்நாட்டு வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, விவரத்திரட்டு நவம்பர் 30க்குள். வரிக்குள் வராத வருமானம் என்றாலும் வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள், பிறகு கடன் கேட்கப் போகும்போது வங்கி அதைத்தான் பார்க்கும்.

பெயர்

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதியலாம். கிராம உத்தியோகத்தரின் சான்று, அடையாள அட்டைப் பிரதி, இடத்துக்கான ஆதாரம் கொண்டு போங்கள். வேறு ஏதும் கேட்பார்களா என்று முதல் நாளே விசாரித்தால் அலைச்சல் மிச்சம். அந்தச் சான்றிதழ் இருந்தால் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். ஆனால் அது பெயரைக் காப்பாற்றாது. வேறொருவர் அதே பெயரில் தொப்பி விற்றால் தடுக்க வணிகக்குறி வேண்டும், அதைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். உடுப்பு 25ஆம் வகுப்பு, நிகழ்ச்சி 41ஆம் வகுப்பு, ஒலிப்பதிவு 9ஆம் வகுப்பு. வகுப்புக்கு வகுப்பு கட்டணம், ஆகவே முதலில் எதில் காசு வருகிறதோ அதை மட்டும் போடுங்கள். பத்து ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம். தனியார் கம்பனி அவசரமில்லை. செயலாளர், ஆண்டு அறிக்கை என்று செலவு தொடரும். பங்காளி வெளியிலிருந்து முதல் போடும்போது பதிந்தால் போதும்.

மேடை

ஆண்டை முதலில் பிரியுங்கள். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை திறந்தவெளி நிகழ்ச்சி வேண்டாம், மழை. நோன்பு மாதத்தில் காத்தான்குடி, கல்முனைப் பக்கம் திகதி எடுக்காதீர்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலம். சடங்கு நடக்கிற ஊரில் ஸ்பீக்கர் கட்டினால் கேட்க ஆள் வரமாட்டார்கள், பேச்சு வரும். அறுகம்பேயில் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக் காலம், கேட்பவர்கள் வெளிநாட்டார், தமிழ் வரி விளங்காது. அங்கே மத்தளமும் பறையும் முன்னால் நிற்கிற பாட்டுகளை எடுங்கள்.

நீங்களே நடத்தினால் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை, ஆகவே உங்கள் முறை 8.30க்கே வருகிற மாதிரி நிரலைப் போடுங்கள். அரசியல்வாதியின் பேச்சு நீளும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான். டிக்கெட் விற்றால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேளிக்கை வரி பேசி, விற்பதற்கு முன்பே டிக்கெட்டில் முத்திரை வாங்க வேண்டும்.

மற்றவர் அழைத்தால், பாதிக் காசு திகதி குறிக்கும்போது, மீதி மேடை ஏறுமுன். “முடிஞ்ச பிறகு பாப்பம் தம்பி” என்றால் முடிந்த பிறகு பந்தல்காரர், சாப்பாட்டுக்காரர் எல்லாம் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். பின்னணி இசையை இரண்டு யூ.எஸ்.பியிலும் விமானப் பயன்முறையில் போட்ட ஒரு போனிலும் கொண்டு போங்கள். போன் அழைப்பு ஸ்பீக்கரில் அலறுவது அடிக்கடி நடக்கிற கூத்து. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். வீடியோவில் நன்றாக இருக்கும், ஸ்பீக்கர் கூவும், சவுண்ட்காரர் உங்கள் சத்தத்தைத்தான் குறைப்பார்.

உடுப்பு

முதல் தொகுதி 30க்கு மேல் வேண்டாம்: ஸ்மோல் 4, மீடியம் 10, லார்ஜ் 10, எக்ஸ்ட்ரா லார்ஜ் 6. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு அச்சுச் சட்டகம் வேண்டும், ஆகவே ஒரே நிறத்தில் வடிவமையுங்கள். அச்சடிக்கிற பிளாஸ்டிசோல் மை ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில் வேக வேண்டும். வேகாவிட்டால் மூன்றாம் கழுவலில் பாளம் பாளமாக வெடிக்கும். மொத்தத்தையும் எடுக்குமுன் ஒன்றை இழுத்துப் பாருங்கள், கழுவிப் பாருங்கள்.

ஆனால் ரீசேட் எல்லாரும் அடிக்கிறார்கள். மருதமுனைக் கைத்தறி நம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும்போது, உங்கள் அடையாள நிறத்தில் கரை வைத்த சாரம் நெய்விக்கலாம். மேடையில் அதைக் கட்டிப் பாடுங்கள், அதுவே விளம்பரம். தறியில் பாவு ஏற்றினபின் நிறம் மாற்றுவது செலவு. ஒரு பாவில் எத்தனை சாரம் வரும் என்று நெசவாளரிடம் கேட்டு அந்த எண்ணிக்கையிலேயே ஓடர் கொடுங்கள். கடும் சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகிறதா என்று வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். எண்ணி நெய்தால் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போடலாம், குறைவாக உள்ள பொருளுக்கு மதிப்பும் கூடும். லொஸ் ஏஞ்சலிஸ் ராப்பர் நிப்ஸி ஹஸல் 2013இல் தன் மிக்ஸ்டேப்பை இணையத்தில் இலவசமாக விட்டுவிட்டு, அதே பாட்டுகளின் 1000 சீடியை ஒன்று 100 டொலருக்கு விற்றார். அதில் நூறை வாங்கியவர் ஜே-ஸீ.

விளம்பரமும் பங்காளியும்

ஷாம்பெயின் என்ற மது விற்பனையிலும் ஜே-ஸீ காசு பார்த்தார், அந்த வழி இங்கே அடைபட்டது. 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் மது, புகையிலை விளம்பரத்தைத் தடை செய்கிறது. போத்தலைக் காட்டச் சொல்லி யார் காசு தந்தாலும் வாங்காதீர்கள். உள்ளூர்க் கடை, உணவகம், போன் கடை பேசுங்கள். அவர்களிடம் கையில் காசு குறைவென்றால் ‘50 சென்ட்’ என்ற அமெரிக்க ராப்பர் செய்ததைச் செய்யலாம். அவர் ஒரு தண்ணீர்ப் பான நிறுவனத்தில் விளம்பரத்துக்குக் காசுக்குப் பதில் பங்கு வாங்கினார், 2007இல் கொகா கோலா அந்த நிறுவனத்தை 410 கோடி டொலருக்கு எடுத்தது. நமக்கு அளவு சிறிது: உங்கள் பெயரில் ஒரு கொத்து, ஒரு ஜூஸ் போட்டு, விற்கிற ஒவ்வொன்றுக்கும் இத்தனை ரூபா, மாத முடிவில் பில் புத்தகம் பார்த்துக் கணக்கு. ஆறு மாதத்துக்கு மட்டும் எழுதுங்கள்.

பங்காளிகளோடு எழுதும்போது சேர்வதை விடப் பிரிவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டும். ஒருவர் கனடாவுக்கோ கட்டாருக்கோ போனால் அவர் பங்குக்கு விலை எப்படிப் போடுவது, வெளியாளுக்கு விற்குமுன் மற்றவர்களிடம் கேட்க வேண்டுமா, யூடியூப் கணக்கின் கடவுச்சொல் யாரிடம். சனலை ஒரே ஆளின் சொந்த மின்னஞ்சலில் திறந்துவிட்டு அவர் கோபித்துக்கொண்டு போனால் பாட்டும் போகும். ஆகவே தொழிலுக்கென்று தனி மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் இரண்டு பேரிடம்.

பெயரை வாங்க யாராவது வந்தால் எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். ரோக்காவெயரை வாங்கிய ஐக்கோனிக்ஸ், ரோக் நேஷன் பெயரில் வந்த பேஸ்போல் தொப்பிகளுக்காக 2017இல் ஜே-ஸீ தரப்பின் மேலேயே வழக்குப் போட்டது, 2019இல்தான் அது சமரசமானது. ‘எல்லாப் பொருளும், உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்ற மூன்று சொல்லும் ஒரே வரியில் இருந்தால் பேனாவை மூடிவிட்டு, அந்தக் கடுதாசியை சட்டத்தரணி ஒருவரிடம் கொண்டு போங்கள்.